ஸ்க்ரூ லென்ஸை வைத்துக்கொண்டு நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா? கடலூர், புதுவை அனுபவங்கள்

கடலூர், மஞ்சக்குப்பம்:
பழைய ஸ்க்ரூ லென்ஸ் நிக்கான் மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை கேமராவில்) தேறுமா என்று பேச்செடுத்தாலே எல்லாரும் மெகாபிக்சல் கணக்குக்குப் போய்விடுகிறோம். நம்ம ஊர் ஸ்டுடியோ அலமாரியில் இருப்பது என்ன? 50 எஃப்/1.8டி, 85 எஃப்/1.8டி, 80-200 எஃப்/2.8டி. மூன்றுக்கும் உள்ளே மோட்டார் கிடையாது. லென்ஸின் பின்வளையத்தில் ஸ்க்ரூத் தலை மாதிரி ஒரு சின்னக் காடி இருக்கும். கேமரா பாடியிலிருந்து நீட்டும் முனை அதில் விழுந்து சுற்றினால்தான் ஃபோகஸ் நகரும். நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர் (கண்ணாடி உள்ள கேமரா) டி750-இல் அந்த முனை உண்டு. மிரர்லெஸ் இசட்6-இல் பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் இல்லை. ஆட்டோஃபோகஸ் போச்சு. 'ஏஎஃப்-எஸ்' என்று பொறித்த லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த டி லென்ஸ் முழுக்க வீண் என்றும் இல்லை. மீட்டரிங் (வெளிச்சம் அளப்பது) வேலை செய்யும், பாடியின் ஸ்டெபிலைசேஷனும் (கை நடுக்கத்தைச் சமாளிப்பது) கிடைக்கும். அப்பர்ச்சர் வளையத்தைக் கடைசி எண்ணுக்கு (85-இல் 16, 50-இல் 22) திருப்பிப் பூட்டிவிட்டு, அளவை பாடியிலேயே மாற்ற வேண்டும். ஃபோகஸ் பீக்கிங் (ஃபோகஸ் ஆன விளிம்பை நிறத்தில் காட்டும் வசதி) போட்டுக் கையால் திருப்பலாம். உட்கார்ந்திருக்கும் பெண், மாப்பிள்ளைக்குச் சரி. நடந்து வருகிறவர்களை 1.8-இல் பிடிக்கப் பார்த்தால் பத்துக்கு ஏழு காதில்தான் ஃபோகஸ் நிற்கும்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
அண்ணே, இதன் வேர் பழசு. நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுன்ட்டை (லென்ஸ் மாட்டும் வாய்) டிஎஸ்எல்ஆர்-இல் கடைசிவரை விடவில்லை. கேனன் 1987-இல் பழைய எஃப்டி மவுன்ட்டைத் தூக்கிப்போட்டு இஎஃப் கொண்டுவந்தது; மோட்டார் லென்ஸுக்குள், அப்பர்ச்சரும் மின்சாரத்தில். பழைய லென்ஸ்காரர்கள் அன்றைக்குத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் 2018-இல் கேனனின் மிரர்லெஸ் மவுன்ட் ஆர்எஃப் வந்தபோது ஓர் அடாப்டரில் இஎஃப் லென்ஸெல்லாம் அப்படியே ஓடியது. பழைய மவுன்ட்டை விடாமல் காப்பாற்றிய நிக்கானுக்குத்தான் பின்னால் சுமை ஏறியது.

கேனனும் எல்லாவற்றிலும் சமர்த்து இல்லை. 2012-இல் வந்த இஓஎஸ் எம் என்ற மிரர்லெஸ்ஸை வாங்கியவர்களின் லென்ஸ் ஆர்எஃப் பாடியில் ஏறாது. எம்-இல் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 18 மி.மீ., ஆர்எஃப்-இல் 20. நடுவில் அடாப்டர் வைக்க இடமே இல்லை. நிக்கானின் 2011 மிரர்லெஸ் வரிசை 'நிக்கான் 1' இன்னும் மோசம்: 2.7 மடங்கு க்ராப் (காட்சி அவ்வளவு குறுகும்), சின்ன சென்சார், 2018-இல் மூடுவிழா.

இசட்6 வரிசையின் இசட் மவுன்ட்டை அப்படித் தள்ள முடியாது. 16 மி.மீ. இடைவெளி, 55 மி.மீ. விட்டம். 18 மி.மீ. இடைவெளியுள்ள சோனி லென்ஸ்களைக்கூட 2 மி.மீ. அடாப்டரில் இதில் மாட்டலாம். சோனி 2011-இலேயே தன் இ மவுன்ட் விவரங்களை மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தது. ஆனால் டாம்ரான் என்ற லென்ஸ் கம்பெனி நிக்கானிடம் லைசென்ஸ் வாங்கி இசட்-க்கு லென்ஸ் கொண்டுவர 2022 ஆகிவிட்டது. பழைய மார்க்கெட்டில் இசட் லென்ஸ் அரிதாக இருந்ததற்குக் காரணம் இந்தத் தாமதம் என்பேன்.

வைத்திக்குப்பம்:
மாசி மகத்துக்குக் கடற்கரையில் எடுக்கிறவர்கள் கவனிக்க. டிஎஸ்எல்ஆர்-இல் கண்ணாடியும் ஷட்டரும் சென்சாரை மறைத்திருந்தன. இசட்6-இல் லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். ஆஃப் செய்தாலும் மூடாது. இசட்8, இசட்9-இல் மூடி உண்டு. முதுகைக் காற்றுக்குக் காட்டி, பாடியைக் கவிழ்த்துப் பிடித்து மாற்றுங்கள். மணல் விழுந்தால் முதலில் ப்ளோயர். உப்புத் துகள் இருக்கும்போது துடைத்தால் கோடு விழும். அதற்கும் போகாத கறைக்கு மட்டும் 24 மி.மீ. ஸ்வாப் (சென்சார் துடைக்கும் பட்டை), ஒரே இழுப்பு.

கடலூர், மஞ்சக்குப்பம்:
மண்டபத்தில் இன்னொன்று. சைலன்ட் ஷட்டரில் (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) எல்இடி வெளிச்சம் பட்டை பட்டையாக விழும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வையுங்கள். மேடைப் பின்னணி எல்இடி திரை இந்தக் கணக்குக்கு அடங்காது. தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே நாலு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பேட்டரி: டி750-க்கு 1230 ஷாட், இசட்6-க்கு 310 என்பது சோதனைக் கணக்கு. தொடர்ச்சியாக அடித்தால் அதைவிட அதிகமாகவே வரும், ஆனாலும் ஒரு கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று பேட்டரி வையுங்கள். பழைய 15ஏ (இஎன்-இஎல்15ஏ) பேட்டரியும் பொருந்தும். யூஎஸ்பி-யில் மட்டும் ஏறாது, 15பி அல்லது 15சி வேண்டும். இசட்6-இல் ஒரே கார்டு ஸ்லாட். கூலி வாங்கிக்கொண்டு எடுப்பவர்கள் இரண்டு ஸ்லாட் உள்ள இசட்6 II-இலிருந்து பாருங்கள்.

முத்தியால்பேட்டை:
85டி-யை விற்கிற எண்ணம் இருந்தால் டி750-உடன் ஜோடியாகக் கொடுத்துவிடுங்கள். தனியாக வைத்தால் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எஃப்டிஇசட்ல ஓடுமா?"