அப்பா உடம்பில் ஏறிய கதிர்வீச்சு அளவு (டோஸ்) எவ்வளவு? காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்தக் கணக்கு கிடைக்குமா?

பாலக்கோட்டான்:

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா சாரம் கட்டுகிறவர். 2016-க்கும் 2019-க்கும் இடையில் மேஸ்திரி கூட்டிப் போய், வெளிமாநிலத்தில் ஒரு அணுமின் நிலையத்தில் மூன்று தடவை வேலை செய்தார். ஷட்டவுன் என்பார்கள், உலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கிற காலம். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மாதம், இரண்டு மாதம். சம்பளம் இங்கே கிடைப்பதைவிட நல்லா இருந்தது. என் காலேஜ் ஃபீஸ் அதில்தான் கட்டினோம்.

உள்ளே போகும்போது சட்டையில் ஒரு பேட்ஜ், பாக்கெட்டில் பேனா மாதிரி ஒன்று. சாயங்காலம் வெளியே வந்ததும் பேனாவை ஒருவர் வாங்கிப் பார்த்து, ரெஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொள்வாராம். "எவ்வளவு சார்?" என்று அப்பா ஒரு தடவை கேட்டிருக்கிறார். "லிமிட்டுக்குள்ளதான், போ" என்று பதில். அதற்கப்புறம் கேட்கவில்லை. மூன்று தடவை போய் வந்ததில் ஒரு எண்கூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு காகிதமும் கையில் தரவில்லை.

இரண்டு விஷயம் அவர் மனதில் இன்னும் கிடக்கிறது. இரண்டாவது தடவை போனபோது, வேலை முடிய இரண்டு வாரம் இருக்கையில் "நாளையிலிருந்து நீ உள்ளே வர வேண்டாம், ஸ்டோரில் இரு" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. தன் வேலையில் ஏதோ குற்றம் என்று நினைத்துக்கொண்டு அந்த இரண்டு வாரமும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இன்னொன்று, அடிக்கடி பாட்டில் கொடுத்து சிறுநீர் கேட்பார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்களா என்று பார்க்கத்தான் என்று கூட இருந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனிதர். அந்த அவமானத்தை எங்களிடமே போன மாதம்தான் சொன்னார்.

இப்போது அவருக்கு 58 வயது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதே மேஸ்திரி என் சித்தப்பா மகனைக் கூப்பிடுகிறார். அவனுக்கு 23. அவன் போவதற்கு முன் அப்பாவின் கணக்கையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து யாரிடம் கேட்பது? கேட்டால் தருவார்களா?

காவேரிப்பட்டணம் பெரியவர்:

தம்பி, நான் 26 வருஷம் ஒரு அணுமின் நிலையத்தில் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில், அதாவது ஆட்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்க்கிற பிரிவில், இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா மாதிரி ஆட்களின் பேனாவை வாங்கிப் படித்து எழுதியவர்களில் நானும் ஒருவன். எழுதியதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்டோர் விஷயம். உங்கள் அப்பா மேல் எந்தக் குற்றமும் இல்லை. இந்தியாவில் கதிர்வீச்சு வேலை செய்கிறவருக்கு உச்ச வரம்பு, ஐந்து வருஷ சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கிற அலகு). எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. நிலையங்கள் அதற்கும் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளும். ஒருவரின் கணக்கு அந்தக் கோட்டை நெருங்கினால் வெளி வேலைக்கு மாற்றிவிடுவோம். அவருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். மாற்றியது சரி. காரணத்தைச் சொல்லாமல் மாற்றியது தப்பு.

சிறுநீர் எடுத்தது குடியைப் பார்க்க இல்லை. அடிக்கடி எடுத்தார்கள் என்றால் அது கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) பயன்படுத்துகிற உலையாகத்தான் இருக்கும். கனநீரில் ட்ரிட்டியம் என்ற கதிர்வீசும் ஹைட்ரஜன் உண்டாகும். அது ஈரக் காற்றோடு மூச்சிலும் தோல் வழியாகவும் உள்ளே போய், உடம்பில் இருக்கிற தண்ணீரோடு கலந்துவிடும். சட்டையில் மாட்டிய பேட்ஜுக்கு அது தெரியாது, சிறுநீரில்தான் தெரியும். 2009-ல் கர்நாடகாவில் கைகா நிலையத்தில் குடிநீர் கூலரில் ட்ரிட்டியம் கலந்ததே, அதைக் கண்டுபிடித்தது இந்த வழக்கமான சிறுநீர் சோதனைதான். உள்ளே போன ட்ரிட்டியத்தில் பாதி சுமார் பத்து நாளில் வெளியேறிவிடும், தண்ணீர் நிறையக் குடித்தால் இன்னும் சீக்கிரம். இதை அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் மனசில் இருக்கிற அந்த அவமானம் முதலில் போகட்டும்.

பேனா அன்றன்றைய கணக்குக்கு. பேட்ஜ்தான் நிரந்தரக் கணக்கு. டிஎல்டி என்போம். உள்ளே மூன்று சின்ன வில்லைகள் இருக்கும். அவற்றைச் சூடாக்கினால், வாங்கிய கதிர்வீச்சுக்குத் தக்கபடி ஒளி வரும், அதை அளந்து டோஸ் சொல்வோம். படித்ததும் வில்லையில் இருந்தது அழிந்துவிடும். அதற்கப்புறம் அந்த எண் இருப்பது பதிவேட்டில் மட்டும். ஊர் ஊராகப் போய் வேலை செய்தாலும் ஒரே ஆளின் டோஸ் சேர்ந்து வர வேண்டும் என்பதற்காக மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் தேசிய அளவில் பதிவேடு வைத்திருக்கிறார்கள். காண்ட்ராக்ட் ஆள் கணக்கும் அதில் இருக்கும். சர்வதேச அணுசக்தி முகமையின் விதிப்படி இந்தக் கணக்கை அந்தத் தொழிலாளிக்கு 75 வயது ஆகும் வரை, அதோடு வேலையை விட்டு குறைந்தது 30 வருஷமாவது வைத்திருக்க வேண்டும். 2019 என்பது நேற்று மாதிரி.

கேட்டால் தருவார்களா என்றீர்கள். கேட்காமலே தந்திருக்க வேண்டியது அது. 2004-ம் வருஷத்துக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில் தெளிவாக இருக்கிறது: வேலைக்கு வைத்தவர் டோஸ் கணக்கையும் மருத்துவப் பரிசோதனைக் கணக்கையும் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் தர வேண்டும், அவர் கேட்கும்போது தர வேண்டும், வேலையை விட்டுப் போகும்போதும் தர வேண்டும். புதிதாக வேலைக்கு எடுக்கிறவர் பழைய இடத்துக் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அந்த நிலையத்தின் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவுக்கு அப்பா பெயரில் ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கட்டும். மகன் கேட்டால் அடுத்தவர் சொந்த விவரம் என்று மறுத்துவிடலாம். வேலை செய்த மாதங்கள், காண்ட்ராக்டர் பெயர், பேட்ஜ் எண், மூன்றும் எழுதுங்கள்.

தர்மபுரி எக்ஸ்ரே அக்கா:

நான் தர்மபுரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். நாங்களும் இதே டிஎல்டி பேட்ஜ்தான் போடுகிறோம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்புவோம். முன்பு வேலை பார்த்த ஒரு ஸ்கேன் சென்டரில் இரண்டு வருஷம் என் ரிப்போர்ட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை, முதலாளி மேஜையிலேயே கிடந்தது. ஒரு நாள் கேட்டே வாங்கினேன். எட்டு தடவையில் ஏழு பூஜ்யம், ஒன்றில் மட்டும் 1.4 மில்லிசீவெர்ட். என்ன காரணம் என்று யோசித்தால், அந்த மூன்று மாதத்தில்தான் பேட்ஜ் குத்திய ஏப்ரனை எக்ஸ்ரே ரூமுக்குள்ளேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். பேட்ஜ் வாங்கியதை நான் வாங்கியதாகவே எழுதிவிட்டார்கள். அப்போதே என்னிடம் காட்டியிருந்தால் அப்போதே சொல்லித் திருத்தியிருப்பேன்.

அதனால் எண் வந்ததும் பயந்துவிடவும் வேண்டாம், அலட்சியமாக வைத்துவிடவும் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: மண், காற்று, வானம் என்று இயற்கையில் ஒரு மனிதருக்கு வருஷத்துக்கு உலக சராசரி 2.4 மில்லிசீவெர்ட். வயிற்றுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால் சுமார் 10.

ஓசூர் வெல்டர்:

நல்ல கேள்வி அண்ணா. எங்கள் ஷெட்டில் வெல்டிங் ஜாயின்ட்டைக் காமா கேமராவில் படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். பேட்ஜைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். டோஸ் அதிகமாகக் காட்டினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். உங்கள் தம்பியிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், கூலிக்காகப் பேட்ஜைக் கழற்றி வைக்க வேண்டாம். பெரியவரிடம் ஒரு சந்தேகம்: 20 வரைக்கும் போனால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

காவேரிப்பட்டணம் பெரியவர்:

அப்படி இல்லை. வரம்புக்குக் கீழே ஆபத்தே இல்லை, மேலே போனால் ஆபத்து என்று எல்லை பிரித்துச் சொல்ல முடியாது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவின் கணக்கு 1 சீவெர்ட்டுக்கு (1000 மில்லிசீவெர்ட்) சுமார் 5 சதவீதம். அதாவது ஆயிரம் பேர் ஆளுக்கு 20 மில்லிசீவெர்ட் வாங்கினால், பிற்காலத்தில் ஒருவருக்குக் கூடுதலாக உயிர் வாங்கும் புற்றுநோய் வரலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். சின்ன ஆபத்துதான், ஆனால் பூஜ்யம் இல்லை. இதைச் சொன்னால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று எங்கள் பிரிவிலேயே சிலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை எண்ணைச் சொன்னால் யாரும் ஓடவில்லை, சாமான்களை வெளியிலேயே தயார் செய்துகொண்டு உள்ளே நிற்கிற நேரத்தைக் குறைத்தார்கள்.

ஐரோப்பாவில் 1990-லேயே, நிலையம் நிலையமாகப் போகிற வெளி ஆட்களுக்கு தனித்தனியாக டோஸ் ஆவணம் வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள், பாங்க் பாஸ்புக் மாதிரி. தம்பி, உங்கள் சித்தப்பா மகன் போவதாக இருந்தால் 20 ரூபாயில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தினமும் பேனாவைத் தானே வெளிச்சத்தில் பார்த்து, தேதி, இடம், எண் எழுதட்டும். பேனாவைத் தானே படித்துப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு.

பாலக்கோட்டான்:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் எழுதியதை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஸ்டோர் விஷயம் வந்ததும் "அப்போ நான் கட்டிய சாரத்தில் கோளாறு இல்லையா?" என்று கேட்டார். சிறுநீர் பற்றி வாசித்தபோது அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார்.

தகரப் பெட்டியில் தேடினதில் இரண்டாவது தடவை போனபோது வாங்கிய கேட் பாஸ் கிடைத்தது. பின்பக்கம் பேட்ஜ் எண் பேனாவில் எழுதியிருக்கிறது, கடைசி எண் மட்டும் வியர்வையில் அழிந்திருக்கிறது, 3-ஆ 8-ஆ தெரியவில்லை. பாஸில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தா பெயரை அடித்திருக்கிறார்கள். இரண்டையும் கடிதத்தில் விளக்கி எழுதி, ஆதார் நகலும் சேர்த்திருக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பாலக்கோடு தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். தம்பி போவதா வேண்டாமா என்பதைப் பதில் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சித்தப்பா மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார்.