மறு: 'பேண்ட்லீடர்' தமிழில்? (வில்ஃப்ரிதோ வர்காஸ் கட்டுரைக்காக)

அன்பர்களுக்கு வணக்கம். மெரெங்கே என்பது கரீபிய நாடான டொமினிக்கன் குடியரசின் துள்ளலான நடன இசை. அதில் பேர்பெற்ற வில்ஃப்ரிதோ வர்காஸைப் பற்றி எழுதும்போது, குழுவைக் கட்டி நடத்துபவரான 'பேண்ட்லீடரை'த் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> 'இசைக்குழுத் தலைவர்' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, முதல் வரைவில் நானும் அதைத்தான் போட்டிருந்தேன். மூன்றாவது பத்தியிலேயே இடறியது. தலைவர் என்றால் சங்கத் தலைவர், ஊராட்சித் தலைவர். பதவிக்காலம் முடிந்தால் இறங்கிப் போவார், அமைப்பு அப்படியே இருக்கும். டொமினிக்கன் குடியரசின் மெரெங்கே குழுக்களில் கதை தலைகீழ். பாடகர் போவார், வாத்தியக்காரர் போவார், குழுவின் பெயராக நிற்பவர் மட்டும் அசையமாட்டார். நம் கல்யாணப் பத்திரிகையில் 'இன்னார் குழுவினரின் நாதஸ்வர இன்னிசை' என்று அச்சடிப்போமே, அப்படித்தான் அவர்களின் இசைத்தட்டு உறையிலும் 'வில்ஃப்ரிதோ வர்காஸும் அவரது பெதுயீனோக்களும்' (பாலைவன நாடோடிகளும்) என்றிருக்கும். ஆகவே உறையில் உள்ள பெயரை மொழிபெயர்க்க 'குழுவினர்' போதும், அதில் சிக்கலில்லை. அந்த ஆளை என்னவென்று அழைப்பது என்பதுதான் கேள்வி.

அவர் செய்த வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். வில்ஃப்ரிதோ 1949இல் புவெர்த்தோ பிளாத்தா மாகாணத்தின் அல்தாமீராவில் பிறந்தவர். கைவாத்தியம் ட்ரம்பெட். 1961இல் சர்வாதிகாரி துருஹியோ கொல்லப்பட்ட பிறகு, பழைய பெரிய நடன வாத்தியக் குழுக்களின் இடத்தில் சிறிய, வேகமான குழுக்கள் வந்தன. 1964இல் மெரெங்கே பாடகர் ஜானி வென்தூரா அந்தப் பாதையைப் போட்டார். அடுத்த தலைமுறையில் அதே பாதையில் இன்னும் வேகமாக ஓடியவர் வில்ஃப்ரிதோ. அவரே பாட்டெழுதிக் குவித்ததாக நினைக்க வேண்டாம். 'எல் ஆஃப்ரிக்கானோ' கொலம்பியரான கலிஸ்தோ ஓச்சோவாவின் பாட்டு. அதை எடுத்து மெரெங்கேயின் தாளத்தில் உட்கார வைத்து ஊரெல்லாம் ஆடவைத்தவர் இவர். 'எல் ஹர்தினேரோ' பாட்டில் ராப்பையும் நுழைத்தார். எந்தப் பாட்டு, எந்தக் குரல், எவ்வளவு வேகம் என்று தீர்மானிப்பது அவர் வேலை.

குரல் என்றதும் ரூபி பெரெஸ் நினைவுக்கு வருகிறார். சாண்டி ரேயெஸ், எடி எர்ரேரா போல அவரும் இந்தக் குழுவில் பாடிப் பிறகு தனியாகப் போனவர். 'வோல்வெரே' ('திரும்பி வருவேன்') பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த உச்சக்குரல் மறக்காது. 2025 ஏப்ரல் 8 அன்று சாந்தோ தொமிங்கோவின் ஜெட் செட் அரங்கில் அவர் மேடையில் இருந்தபோது கூரை இடிந்து விழுந்தது. 230 பேருக்கு மேல் இறந்தார்கள், அவரும் அதில் ஒருவர்.

தம் குழுவோடு வில்ஃப்ரிதோ நின்றுவிடவில்லை. 'லோஸ் இஹோஸ் தெல் ரேய்', 'நியூயார்க் பேண்ட்' என்று வேறு குழுக்களையும் வளர்த்துவிட்டார். பெல்கிஸ் கொன்செப்சியோனின் பெண்கள் குழுவான 'லாஸ் சீக்காஸ் தெல் கான்' பேரெடுத்ததும் இவர் தயாரிப்பில்தான்.

> 'குழு நடத்துநர்' எப்படி?

பேருந்தில் விசில் ஊதுகிறவர் கண்முன் வந்துவிடுகிறார். விளையாட்டை விடுங்கள், மேற்கத்திய சேர்ந்திசையில் கோல் பிடித்து நிற்பவருக்கு அச்சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இவர் கையில் கோல் இல்லை, ட்ரம்பெட்.

> அப்படியானால் ட்ரம்பெட்டை 'எக்காளம்' என்று எழுதலாமா?

வேண்டாம் ஐயா. நம் எக்காளத்தில் அழுத்துகட்டை கிடையாது, உதட்டாலும் மூச்சாலும் மட்டுமே சுரம் மாறும். ட்ரம்பெட்டில் 3 கட்டைகள். மெரெங்கேயின் அவசரத்துக்கு அவை இல்லாமல் முடியாது. 'ட்ரம்பெட்' என்றே இருக்கட்டும்.

மெரெங்கேயின் தாள வாத்தியமான தம்போராவைப் பற்றிக் கேட்டவருக்கு: மடியில் கிடத்தி, ஒரு முகத்தைக் கோலாலும் மறுமுகத்தை உள்ளங்கையாலும் அடிக்கும் இருமுக மத்தளம் அது. இடையிடையே கோல் மரச்சட்டத்திலும் 'டக்' என்று விழும். தவிலை ஞாபகப்படுத்தும், ஆனால் விரலில் கூடு கிடையாது. 'தம்போரா' என்று எழுதி ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். இன்னொரு தாள வாத்தியமான கூய்ராவுக்கும் அப்படியே: துருவி போலச் சொரசொரப்பான உலோக உருளை, கம்பியால் சுரண்டுவார்கள்.

இப்போது என் முன்மொழிவு. ஸ்பானிய மொழியில் இவரை 'மாயெஸ்த்ரோ' என்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியருக்கும் அதே சொல்தான், இசையில் கரைகண்டவருக்கும் அதே சொல்தான். தமிழில் இந்த இரட்டைப் பொருள் எங்கே இருக்கிறது? தெருக்கூத்தில். ஜமாவை (கூத்துக் குழுவை)க் கட்டி, ஆளெடுத்து, பாட்டு சொல்லிக் கொடுத்து, தானும் மேடையேறுகிறவரைக் கூத்துக்காரர்கள் 'வாத்தியார்' என்கிறார்கள். வில்ஃப்ரிதோ செய்ததும் இதைத்தான். 'பாட்டு வாத்தியார்' என்றால் வீட்டுக்கு வந்து சரளி வரிசை சொல்லிக் கொடுப்பவர் ஆகிவிடுவார். அதனால் 'குழு வாத்தியார்'. (எம்.ஜி.ஆர். ரசிகர்கள் மன்னிக்க.)

தெருவில் 'பேண்டு மாஸ்டர்' புழங்குகிறதே என்பீர்கள். புழங்குகிறது, அதுவும் நல்ல சொல்தான். ஆனால் டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் என்று அது எல்லா வீட்டுக்கும் போய் வந்த சொல். தவிர, 'பேண்டு' என்றதும் ஊர்வலத்தில் நடந்துகொண்டே ஊதுகிறவர்கள்தான் நம் காதில் கேட்கிறார்கள்.

---

ஐயா, 'குழு வாத்தியார்' பிடித்திருக்கிறது. ஆனால் பெல்கிஸ் கொன்செப்சியோனுக்கு என்ன செய்வீர்கள்? 'வாத்தியாரம்மா' என்றால் எங்கள் ஊரில் வாத்தியாருடைய மனைவி.

---

அம்மா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 'வாத்தியாரம்மா' வேண்டாம். 'ஆர்' விகுதி இரு பாலுக்கும் பொதுதான், நாம்தான் ஆணை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். 'லாஸ் சீக்காஸ் தெல் கானின் முதல் குழு வாத்தியார் பெல்கிஸ் கொன்செப்சியோன்' என்று வரைவில் போட்டுவிட்டேன். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இடறினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.