மறுமொழி: ‘மீட்டமை’ இந்த ஓரிடத்தில் வேண்டாம் – ‘முதலமைவு’ குறித்து

தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

பயாஸ் (கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) திரையில் வரும் ‘ரீசெட்’டுக்கு ‘மீட்டமை’யே போதும், பரவிவிட்ட சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று நேற்று இருவர் எழுதியிருந்தீர்கள். போன மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான். கும்பகோணத்தில் என் பெரியப்பா மகனின் கணினி மூன்று நாள் எழும்பாமல் கிடந்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

அண்ணன் அழைப்பிதழ் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறார். தை முகூர்த்த நேரம், வேலை குவிந்திருந்தது. கணினியில் தேதி அடிக்கடி பின்னுக்குப் போகிறது என்று மதர்போர்டில் இருக்கும் 2032 பட்டன் பேட்டரியை அவரே மாற்றினார். மின்கம்பியைப் பிடுங்கினார், பழையதை நெம்பி எடுத்தார், புதியதை எழுத்துள்ள பக்கம் மேலாக வைத்து அழுத்தினார். எல்லாம் முறையாகத்தான் செய்தார். கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வழிகள் வந்தன: எஃப்1 என்றால் அமைப்புத் திரைக்குள் போகலாம், எஃப்2 என்றால் தயாரிப்பாளர் வைத்த மதிப்புகளை ஏற்றிக்கொண்டு தொடரலாம். முன்பு நான் எழுதிக் கொடுத்திருந்த தமிழ்க் குறிப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். எஃப்2வுக்கு நேரே ‘அமைப்புகளை மீட்டமைத்துத் தொடர்க’ என்று இருந்தது. அழுத்தினார். விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் சுழன்றன, பிறகு நீலத்திரை. தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்றது. தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் அதே நீலம்.

தொலைபேசியில் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அமைப்புகளை எல்லாம் மீட்டுவிட்டேன், ஆகவே கோளாறு அங்கே இருக்க முடியாது, ஹார்டு டிஸ்க்தான் போயிருக்கிறது என்றார். புதிய டிஸ்க்குக்குப் பணமும் கட்டிவிட்டார்.

நேரில் போய்ப் பார்த்தேன். பயாஸ் பட்டியலில் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் ஒழுங்காகத் தெரிந்தன. டிஸ்க் இணைப்புக்கான ‘சாட்டா’ பகுதியைத் திறந்தால் ஏஎச்சிஐ என்று இருந்தது. விண்டோஸ் நிறுவப்பட்ட நாளில் அங்கே ரெய்டு என்று இருந்திருக்கிறது. இவை இரண்டும் டிஸ்க்குடன் பேசும் முறைகள். முறை மாறினால் அதற்குரிய இயக்கியும் (அந்த முறையில் பேச விண்டோஸுக்கு உதவும் சிறு நிரல்) மாற வேண்டும். அந்த இயக்கியைத் தொடக்கத்திலேயே ஏற்றும்படி விண்டோஸுக்குச் சொல்லி வைக்கவில்லை என்றால், தான் குடியிருக்கும் டிஸ்க்கையே படிக்க முடியாமல் அது நின்றுவிடும். ரெய்டுக்கு மாற்றிச் சேமித்தேன். இரண்டு நிமிடத்தில் பாதியில் நின்ற அழைப்பிதழ் திரையில் இருந்தது.

நியாயமாகச் சொன்னால், அமைப்புகள் எஃப்2வால் அழியவில்லை. பேட்டரி கழன்றபோதே போய்விட்டன. 1984இல் ஐபிஎம் ஏடி கணினியில் கடிகாரச் சில்லுக்குள் இருந்த 64 பைட் நினைவகத்தில், கடிகாரத்துக்கு வேண்டிய 14 பைட் போக மீதி 50 பைட்டில்தான் அமைப்புகளை வைத்தார்கள். பேட்டரியின் மின்சாரம் இருக்கும் வரைதான் அந்த நினைவு. இன்று பல மதர்போர்டுகள் ஃபிளாஷ் சில்லில் சேமித்தாலும் அந்தப் பழைய ஏற்பாட்டின் எச்சம் பலவற்றில் தொடர்கிறது. ஆக, இழப்பு முன்பே நடந்துவிட்டது. என் சொல் அந்த இழப்பை மறைத்தது. மூன்று நாள் வீணானது அதனால்தான்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘மீட்டமை’யை ஆக்கியவர் பக்கமும் நியாயம் உண்டு. பழைய இலக்கியத்தில் ‘மீட்டும்’ என்றால் ‘மறுபடியும்’. அந்த வழியில் ‘மறுபடி அமை’ என்று பொருள் கொள்ளலாம். ஆனால் இன்றைய காதில் அது விழுவதில்லை. அடகு வைத்த நகையை மீட்கிறோம். மீட்டால் அதே நகை, அதே நெளிவோடு கைக்கு வர வேண்டும். ரெய்டு கேட்டவருக்கு ஏஎச்சிஐ கொடுப்பதை மீட்பு என்று யார் சொல்வார்கள்? டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் உள்ள கணினியில் குழப்பம் இன்னும் கூடும். பயாஸ் அமைப்பு மாறியதும் அது 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கலாம். அங்கே மீட்பு உண்மையான மீட்பு. அடுத்தடுத்த இரு திரைகளில் ஒரே வேர், எதிரெதிர்ப் பொருள்.

யாழ்ப்பாண நண்பர் ‘மீளமை’ என்றார். சொல் அழகு. ஆனால் மீள்குடியேற்றம் என்றால் சொந்த இடத்துக்குத் திரும்புவதாகத்தானே கொள்கிறோம்? அதே சிக்கல் இதிலும் வருகிறது. ‘இயல்புநிலைக்குத் திருப்பு’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. வெள்ளம் வடிந்த மறுநாள் நாளிதழில் ‘இயல்புநிலை திரும்பியது’ என்று படித்துப் பழகியவருக்கு அதுவும் நல்ல செய்தியாகவே ஒலிக்கும். ‘அழித்தமை’ இழப்பைச் சொல்கிறது. ஆனால் அது ‘கலந்துகொண்டமை குறிப்பிடத்தக்கது’ போல நடந்து முடிந்த செயலின் பெயராகிவிடும், கட்டளையாகாது. ‘மீட்டமை’க்கும் இந்தக் குறை உண்டு என்பதை இப்போதுதான் கவனித்தேன். தொழிற்சாலையில் வைத்த மதிப்புகளைக் குறிக்கும் ‘ஆலைநிலை’யைத் தனியே காப்பாற்றி வைக்க வேண்டும். சில கணினிகளில் பயாஸின் பொது மதிப்புகள், தொழிற்சாலையில் வைத்தவை, பயனர் சேமித்தவை என்று மூன்று தெரிவுகள் தனித்தனியே இருக்கின்றன.

என் முன்மொழிவு ‘முதலமைவு’. முதலில் இருந்தது என்ற உடனே, பிறகு செய்தவை அதில் இல்லை என்பது விளக்கமின்றிப் புரிகிறது. வினைக்கு ‘முதலமைவை ஏற்று’. வண்டியில் பாரம் ஏற்றுகிறோமே, அதே ஏற்று. ‘மீட்டெடு’வைப் பயனர் சேமித்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவருவதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். கடவுச்சொல்லுக்கு ‘மீட்டமை’ இருப்பதை நான் இப்போது தொடவில்லை. அங்கே யாரும் மூன்று நாள் இழப்பதில்லை.

பயாஸ் போலக் கருவிக்குள்ளேயே பதிந்து வரும் நிரலைக் குறிக்கும் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை 1967இல் ஆஷர் ஆப்ளர் ஆக்கியபோது வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்பது என்ற கருத்தில்தான் ஆக்கினார். நம் ‘நிலைபொருள்’ அதற்குப் போதும் என்றே நினைக்கிறேன். அந்த விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பைத் திருத்தி அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். அந்த வரி இப்போது: ‘எஃப்2: நீங்கள் செய்த அமைவுகள் போய்விட்டன, முதலமைவை ஏற்றித் தொடர்க.’ அதற்கு மேலே புதிதாக ஒன்று: ‘பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸ் திரைகள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்க.’

இலக்கணம் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி மட்டும். பொத்தானில் இடம் குறைவாக இருந்தால் இரண்டாம் வேற்றுமை உருபை விட்டு ‘முதலமைவு ஏற்று’ என்று எழுதலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் கோப்பில் சேர்த்துவிடுவேன்.