600க்கு 1200 டைல்ஸ்: வேலை தொடங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

புதுமனை கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் ஒரு குளியலறைக்கும் அடுத்த வாரம் டைல்ஸ் வேலை தொடங்குகிறது. கூடம் ஒன்பது மீட்டர் நீளம். ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவு. பிற்பகல் வெயில் நேராகத் தரையில் விழும். இரண்டு இடத்துக்கும் 600க்கு 1200 மில்லிமீட்டர் அளவில் விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்கிவிட்டோம்.

சிமெண்ட் பாலில் ஒட்டினாலே போதும், தனிப் பசை வீண் செலவு என்கிறார் மேஸ்திரி. இடைவெளி விடாமல் நெருக்கி வைத்தால்தான் அழகாம். தரையில் மேடு பள்ளம் இருந்தாலும் கிளிப் மாட்டிச் சமன் செய்துவிடுவாராம். எனக்குச் செங்கல் வரிசைபோல் பாதிக்குப் பாதி தள்ளி வைக்கும் அமைப்பு பிடித்திருக்கிறது. பகலில் வேலைக்குப் போய்விடுவேன். மாலையில் வந்து எதைச் சோதித்தால் வேலை சரியாக நடக்கிறது என்று தெரியும்?

மட்டப்பலகை எழுதியது:

தொடங்கும் முன்பே கேட்டது நல்லது. டைல்ஸ் வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். பெரும்பாலும் எல்லாம் முடிந்து, தரை தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும்போதுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் தரை. தேதியை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். மூன்று மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டையை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்துப் பாருங்கள். டைலின் ஒரு பக்கம் 380 மில்லிமீட்டரையோ அதற்கு மேலோ எட்டினால், அந்த மூன்று மீட்டருக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது. சிறிய டைல்ஸுக்கு 6 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். உங்களுடையதற்கு அந்தச் சலுகை இல்லை. பட்டைக்கு அடியில் வெளிச்சம் தெரியும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். மேட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். பள்ளத்தில் தானே மட்டமாகும் கலவையை ஊற்ற வேண்டும். கிளிப்பின் வேலை, பசை இறுகும்வரை அடுத்தடுத்த விளிம்புகளைச் சமமாகப் பிடித்திருப்பது மட்டுமே. பள்ளத்தின் மேல் கிளிப் போட்டு இழுத்தால் டைல் அந்தரத்தில் நிற்கும், அடியில் வெற்றிடம் தங்கிவிடும்.

சிமெண்ட் பால் வேண்டவே வேண்டாம். பழைய செராமிக் டைல்ஸின் முதுகில் நுண்துளைகள் இருந்தன. சிமெண்ட் அவற்றுக்குள் இறங்கிப் பிடித்தது. விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. சிமெண்ட் பால் இறங்க வழியில்லை, பாலிமர் கலந்த பசைதான் பிடிக்கும். மூட்டையில் சி2 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். சி1 வகைக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் பிடிப்பு போதும். சி2 வகைக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். வெயில் படும் கூடம் என்பதால் நெகிழ்வைக் காட்டும் எஸ்1 குறியும் சேர்ந்திருப்பதையே வாங்குவேன்.

பாதிக்குப் பாதி அமைப்பை விட்டுவிடுங்கள். நீளமான டைல்ஸ் சூளையில் வேகும்போது நடுப்பகுதி லேசாக உயர்ந்து வளையும். தர அளவுகள் அனுமதிக்கும் வளைவுதான் அது. ஆனால் பாதியில் தள்ளி வைத்தால் ஒன்றின் உயர்ந்த நடுப்பகுதிக்குப் பக்கத்தில் மற்றொன்றின் தாழ்ந்த முனை வந்து நிற்கும். வெறுங்காலுடன் நடந்தாலே தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள்.

மாலைச் சோதனை பற்றி நேராகவே சொல்கிறேன்: முதல் நாளாவது விடுப்பு எடுங்கள். ஒட்டிச் சில நிமிடங்களில், பசை ஈரமாக இருக்கும்போதே, நீங்கள் சுட்டும் ஒரு டைலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் பசை படிந்த பரப்பு கூடத்தில் குறைந்தது 80 சதவீதம், குளியலறையில் 95 சதவீதம் இருக்க வேண்டும். மூலைகளும் விளிம்புகளும் நிறைந்திருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கும் பழக்கத்தைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். பல் வைத்த கரணையால், டைலின் குறுகிய பக்கத்துக்கு இணையாக, ஒரே திசையில் நேர்கோடுகளாகப் பசையைச் சீவ வேண்டும். அப்போதுதான் காற்று வெளியேறும். டைலின் முதுகிலும் மெல்லிய பூச்சு வேண்டும். விரித்த பசையை விரலால் தொட்டால் விரலில் ஒட்டவில்லையா? ஏடு படிந்துவிட்டது, சுரண்டி எறிய வேண்டியதுதான். வாளியில் இறுகிய பசையில் நீர் ஊற்றி இளக்குவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

கரணை எழுதியது:

நான் டைல்ஸ் போடுபவன். அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மேஸ்திரியிடம் கூலியை எப்படிப் பேசினீர்கள்? பரப்பளவுக்கு இவ்வளவு என்று மட்டும் பேசியிருந்தால், தரையை மட்டம் செய்யும் உழைப்புக்கு யாரும் பணம் தரவில்லை என்று பொருள். அதனால்தான் கிளிப் பேச்சு வருகிறது. அந்த வேலைக்குத் தனிக் கூலி பேசுங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எல்லாப் பெட்டிகளிலும் நிற எண்ணும் அளவு எண்ணும் ஒன்றா என்று இன்றே பாருங்கள். ஒட்டிய பிறகு வேறுபாடு தெரிந்தால் கடைக்காரரைக் கேட்க முடியாது. பசையில்லாமல் ஒரு வரிசை அடுக்கிப் பாருங்கள். வாசலில் விரலளவு துண்டு விழும் என்றால் தொடக்கக் கோட்டை நகர்த்திக்கொள்ளலாம். வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் கூடுதலாக இருக்கட்டும்.

புதுமனை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மட்டம் செய்யத் தனிக் கூலி பேசினேன். மேஸ்திரி பசைக்கும் சம்மதித்துவிட்டார். இடைவெளிக்கு மட்டும் இன்னும் மறுக்கிறார். குளியலறைக்கும் பிற்காலப் பராமரிப்புக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

மட்டப்பலகை எழுதியது:

இடைவெளியில் இறங்கி வராதீர்கள். ஒன்பது மீட்டர் வரிசை 30 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். சுவரோரம் கலவையால் அடைபட்டிருந்தால் அந்த நீளத்துக்குப் போக்கிடம் இல்லை. நடுவில் இரண்டு டைல்ஸ் கூடாரம்போல் எழும்பும். கான்கிரீட் சுருங்குவதும் இதே அழுத்தத்தைத் தரும். டைல்ஸுக்கிடையே 3 மில்லிமீட்டர் விடுங்கள். சுவரோரம் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் வெற்றிடம் வேண்டும். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும், அழகு கெடாது. வீட்டுக்குள் 6 முதல் 7.5 மீட்டருக்கு ஒருமுறை மென்மையான நிரப்பியிட்ட அசைவு இணைப்பு தேவை. நேர் வெயில் படும் பகுதியில் 2.4 முதல் 3.6 மீட்டருக்கு ஒன்று. டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவையான கிரவுட்டின் நிறத்திலேயே நிரப்பி கிடைக்கிறது.

குளியலறைத் தரைக்கு 600க்கு 1200 பொருந்துமா என்பதை வடிகால்தான் முடிவு செய்யும். நடுவில் துளை என்றால் நான்கு பக்கமும் வாட்டம் வேண்டும். இவ்வளவு பெரிய டைலை வெட்டாமல் அப்படி மடக்க முடியாது. சுவரோரம் நீள வடிகால் வைத்து ஒரே பக்கமாக வாட்டம் கொடுங்கள், அல்லது தரைக்கு மட்டும் சிறிய டைல்ஸ் வாங்குங்கள். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் போதும். நீர்க்காப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் நீர் தேக்குங்கள். கீழ்க்கூரையில் ஈரம் தெரியாவிட்டால் மட்டுமே ஒட்டத் தொடங்கலாம். இதை முடியும் வரை கூடவே இருந்து பாருங்கள்.

பராமரிப்பு எளிது. அமிலம் கலந்த கழுவு திரவம் சிமெண்ட் கிரவுட்டை அரித்துவிடும். அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் திரவத்தையே வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குளியலறை மூலைகளில் சிலிகான் விட்டுப் பிரிந்திருக்கிறதா பாருங்கள். பிரிந்திருந்தால் பழையதை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள், மேலே பூசாதீர்கள். கிரவுட் கோட்டில் வெண்மையான உப்பு திரும்பத் திரும்பப் பூத்தால் அடியில் நீர் நடமாடுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை கிரவுட்டை மாற்ற வேண்டாம்.