2019 மே 12: அந்தப் பந்து வளையத்தில துள்ளேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?

ஸ்காபரோவிலிருந்து:

அண்டைக்கு அன்னையர் நாள். அம்மாவைப் பார்க்க எண்டு தங்கச்சி குடும்பம், சித்தப்பா குடும்பம் எல்லாம் வந்து வீட்டில பதினாறு பேர். இடியப்பமும் சொதியும் மேசையில ஆறிக்கொண்டு கிடக்குது. NBA கூடைப்பந்து, எங்கட டொராண்டோ ராப்டர்ஸும் பிலடெல்பியாவும், தொடரை முடிவாக்கிற ஏழாவது ஆட்டம். ஏழு மணிக்குப் பிறகு ஒருத்தரும் இருந்த இடத்தை விட்டு எழும்பேல்லை.

எங்கட கவாய் லெனர்ட் அண்டைக்கு 39 தரம் எறிஞ்சு 16தான் விழுந்தது. எண்டாலும் பந்து அவரிட்டத்தான் திரும்பத் திரும்பப் போகுது. ஆட்டம் முடியப் பத்துச் செக்கன் இருக்கேக்க அவர் எறிஞ்ச ரெண்டு பிரீ த்ரோவில (ஒருத்தரும் தடுக்காமல் எறியிறது) ஒண்டு தவறிச்சுது. உடன பிலடெல்பியாவின்ர ஜிம்மி பட்லர் வளையத்துக்குக் கிட்ட ஓடிவந்து லேஅப் போட்டு 90–90 ஆக்கிப்போட்டார். மிச்சம் 4.2 செக்கன்.

என்ர தம்பி தலையைப் பிடிச்சுக்கொண்டு "2001" எண்டான். வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அந்த வருசமும் இதே பிலடெல்பியாதான், இதே ஏழாவது ஆட்டம்தான். அப்ப எங்கட நட்சத்திரம் வின்ஸ் காட்டரின்ர கடைசிச் சொட் விழாமல் ஒரு புள்ளியால தோத்தனாங்கள். அப்ப அப்பா இருந்தவர். வேலையால வந்த உடுப்போட எங்களோட நிலத்தில இருந்து பார்த்திட்டு, ரிவியை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்தவர். அம்மாவுக்கு விளையாட்டின்ர சட்டம் ஒண்டும் தெரியாது, ஆனா அந்த இரவு நல்லா நினைவிருக்கு.

லெனர்ட் பந்தோட வலப்பக்க மூலைக்கு ஓடி, பிலடெல்பியாவின்ர நெடுவல் எம்பீட்டின்ர நீட்டின கைக்கு மேலால உயர எறிஞ்சார். பந்து காத்தில இருக்கேக்க சைரன் அடிச்சிட்டுது. வளையத்தில ஒருக்கா பட்டுது. ரெண்டு. மூண்டு. நாலு. உள்ளுக்கு விழுந்தது. 92–90. எங்கட வீட்டில முதல்ல கத்தினது அம்மா.

உங்கட கதையளையும் எழுதுங்கோ.

பிலடெல்பியாவிலிருந்து:

அண்ணே, நான் எதிர்க்கட்சி. ஆனா எழுதியே ஆகணும்.

எல்லாரும் அந்த நாலு துள்ளலைத்தான் பேசுறாங்க. எனக்கு அந்தத் தொடர் கைநழுவினது நாலாவது ஆட்டத்துல. 2–1னு முன்னாடி இருந்தோம், எங்க சொந்த அரங்கம். பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேர்ல போயிருந்தேன். கடைசி நிமிஷம் நெருங்குறப்போ லெனர்ட் எம்பீட் கைக்கு மேல ஒரு மூணு புள்ளி போட்டார் பாருங்க, இருபதாயிரம் பேர் சத்தம் அப்படியே அடங்கிடுச்சு. 39 புள்ளி அன்னைக்கு அவருக்கு. அந்த ஆட்டத்தை ஜெயிச்சிருந்தா 3–1, டொராண்டோ திரும்ப எழுந்திருக்காது. இதை நான் இன்னைக்கும் நம்புறேன்.

ஏழாவது ஆட்டத்துக்கு ஒரு கணக்கு சொல்றேன். எம்பீட் 45 நிமிஷம் ஆடினார். அவர் களத்துல இருந்த நேரத்துல நாங்க 10 புள்ளி கூட. அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தது மூணு நிமிஷம்கூட இல்ல, அதுக்குள்ள 12 புள்ளி பின்தங்கிட்டோம். தொடர் நடுவுல ரெண்டு தடவை உடம்பு படுத்தியும் ஆடின மனுஷன். ஆட்டம் முடிஞ்சு அவர் அழுதுக்கிட்டே உள்ள போனதைப் பார்த்து என் பொண்ணும் அழுதா. தோத்தது எம்பீட்டால இல்ல. அவர் உட்கார்ந்தா தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத அணியைக் கட்டினதால.

மார்க்கம் நகரத்திலிருந்து:

பிலடெல்பியாத் தம்பி சொன்னது சரி. அந்த வருசம் ஒரு சொட் மட்டும் எங்களுக்குக் கிண்ணம் வாங்கித் தரேல்லை. நான் இங்க பள்ளிக்கூடப் பெண்பிள்ளையளுக்குப் பயிற்சி குடுக்கிறனான், அதால தடுப்பைத்தான் பார்ப்பன்.

அடுத்த சுற்றில எங்களுக்கு வந்த மில்வாக்கி அந்தப் பருவத்தில 60 ஆட்டம் வெண்ட அணி. முதல் ரெண்டிலயும் எங்களை அடிச்சுப்போட்டினம். மூண்டாவதில எங்கட பயிற்சியாளர் நிக் நர்ஸ் லெனர்டை அவையின்ர நட்சத்திரம் யானிஸுக்கு முன்னால நிப்பாட்டினார், பின்னால மற்ற ஆக்கள் சுவர் மாதிரி. யானிஸுக்கு 12 புள்ளிதான், அதோட பவுல் கூடி வெளியிலயும் போனார். சமநிலையில ரெண்டு ஓவர்டைம் (மேலதிக நேரம்). தடுப்பும் அடியும் ரெண்டையும் சுமந்து லெனர்ட் 52 நிமிசம் நிண்டவர். அதையும் சேர்த்துத் தொடர்ந்து நாலும் எங்களுக்குத்தான். எங்கட பிரெட் வான்வ்லீட்டுக்கு அந்தக் கிழமை மகன் பிறந்தான். பிறகு கடைசி மூண்டு ஆட்டத்திலயும் தூரத்திலயிருந்து எறிஞ்ச 17 இல 14 விழுந்தது.

வாரியர்ஸோட ஆடின இறுதித் தொடரின்ர ரெண்டாவது ஆட்டம் நாங்கள் தோத்தது. ஆனா அதில அவையின்ர நட்சத்திரம் ஸ்டெபன் கரியை ஒட்டி எங்கட ஆள் ஒருத்தர், மற்ற நாலு பேரும் பெட்டி மாதிரி நிக்கிற தடுப்பைப் போட்டினம். அது நான் பன்னிரண்டு வயசுப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிற முறை! வாரியர்ஸ் அஞ்சு நிமிசத்துக்கு மேல ஒரு புள்ளியும் எடுக்கேல்லை. அடுத்த நாள் பயிற்சியில பிள்ளையள் நான் சொல்லாமலே பெட்டி கட்டி நிண்டுதுகள்.

ஒண்டு மட்டும் இன்னும் நெஞ்சில குத்துது. அஞ்சாவது ஆட்டத்தில வாரியர்ஸின்ர டுரான்ட் காலைப் பிடிச்சுக்கொண்டு விழ, அரங்கத்துக்கு வெளியில பெரிய திரையில பார்க்கிற சதுக்கத்தில என்னைச் சுத்தி நிண்ட சிலர் கை தட்டினவை. அரங்கத்துக்குள்ளயும் அதே. எங்கட ஆட்டக்காரர் லவ்ரிதான் கையை அசைச்சு நிப்பாட்டச் சொன்னவர். எங்கட சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பிடிச் செய்தது பிழை.

ஸ்காபரோவிலிருந்து:

அக்கா, அதை எழுதினது நல்லது. வீட்டில எங்களுக்கும் அந்த நேரம் கதை நிண்டு போச்சுது.

வாரியர்ஸின்ர ஊர் ஓக்லாண்டில ஆறாவது ஆட்டம், 114–110 எண்டு வெண்டு கிண்ணம் எடுத்தம். லவ்ரி துவக்கத்திலயே எட்டுப் புள்ளி எடுத்தார். கிளீவ்லாண்டின்ர லெப்ரானிட்ட 2016, 2017, 2018 எண்டு மூண்டு வருசம் தொடர்ந்து தோத்த மனுசன், தன்ர கூட்டாளி டிரோசனை லெனர்டுக்காக அனுப்பினதைத் தாங்கினவர். அண்டைக்கு அவர் ஆடின ஆட்டம்தான் எனக்கு அந்தக் கிண்ணம்.

ஜூன் 17 ஊர்வலத்துக்கு அம்மாவும் வாறன் எண்டா. வெயில், சனம், பஸ்ஸுகள் வந்து சேர மணிக்கணக்கு. கடைசியா லவ்ரி நிண்ட பஸ் எங்களைத் தாண்டேக்க அம்மா கைப்பையைத் திறந்தா. உள்ளுக்குள்ள அப்பாவின்ர காட்டர் சட்டை, 15 ஆம் இலக்கம், மடிச்சபடி. வெளியில எடுத்து ரெண்டு கையாலயும் விரிச்சு உயரப் பிடிச்சா.