பழைய பயணக் கடிதங்களைப் படித்தவர்கள் சொல்லுங்கள்: எங்கே இடறுகிறது?

1840-க்கு முந்தைய பிரிட்டிஷ் குடும்பக் கடிதம் கைக்கு வந்தால் உறையைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. அன்று உள்நாட்டுத் தபால் கட்டணம் தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏற்றபடி. உறையும் ஒரு தாளாகக் கணக்காகிக் காசு இரட்டிக்கும். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாளுக்கே 1 ஷில்லிங் 1½ பென்னி, அதுவும் பெரும்பாலும் பெறுபவர் தலையில். அதனால் பெரிய தாளை நாலு பக்கமாக மடித்து, நான்காம் பக்கத்தின் நடுவில் முகவரிக்கு இடம் விட்டு, ஓரங்களைச் செருகி அரக்கு வைத்தார்கள். அரக்கைப் பிரிக்கையில் தாள் கிழியும். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடுவார்கள். விடாதவர் கடிதத்தில் ஓட்டையோடு சில சொற்களும் போயிருக்கும். அந்தத் துணுக்கு அரக்கின் அடியில் ஒட்டியிருக்கலாம், சுரண்டி எறியாதீர்கள்.

முகப்பில் கிறுக்கியிருக்கும் பெரிய எண் கோப்பு எண் இல்லை, கட்டணம். கறுப்பு மை என்றால் பெறுபவர் தரவேண்டியது, சிவப்பு என்றால் முன்பே கட்டியது.

—

குறுக்கே எழுதும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இடம் தீர்ந்ததும் தாளை 90 டிகிரி திருப்பி, எழுதிய வரிகள் மேலேயே எழுதுவார்கள். ஆகவே கையொப்பம் பல சமயம் முதல் பக்கத்தின் குறுக்கே கிடக்கும். படம் எடுத்து, ஒரு திசையை முழுக்கப் படியெடுத்த பிறகே படத்தைத் திருப்புங்கள். மாறி மாறிப் படித்தால் எழுத்தெல்லாம் கம்பளிப்பூச்சியாகிவிடும். மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த மை தாளை அரிக்கும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக. மடிப்பை நீக்கத் தண்ணீர் தெளிப்பவர்களை என்ன சொல்ல!

—

மேலே சொன்னவை கண்ணுக்குத் தெரியும் சிக்கல்கள். பெரிய சிக்கல் தேதியில். எழுதிய தேதிப்படி மட்டும் அடுக்கினால் கேள்விக்குப் பதில் வந்ததுபோல் தோன்றும். உண்மையில் இரண்டும் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

டார்வின் 1831 டிசம்பர் முதல் 1836 அக்டோபர் வரை பீகிள் கப்பலில் இருந்தார். அக்காள் தங்கைகள் கரோலின், சூசன், காதரின் மூவரும் முறைவைத்து எழுதினார்கள். டார்வினின் தோழி ஃபேனி ஓவனுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி 1832 ஏப்ரலில் ரியோ டி ஜெனிரோவில் டார்வின் கைக்கு வந்தபோது, இங்கிலாந்தில் கல்யாணமே முடிந்திருந்தது. 1836 ஜனவரியில் சிட்னியில் இறங்கினால் ஒரு கடிதம்கூடக் காத்திருக்கவில்லை. எனவே எழுதிய நாள், சேர்ந்த நாள், சேர்ந்த துறைமுகம் என்று மூன்று கட்டம் போடுங்கள். சேர்ந்த நாள் அடுத்த பதில் கடிதத்தின் முதல் வரிகளில் அகப்படும்.

கடிதம் தொலையும் என்ற பயத்தில் சிலர் வரிசை எண் போடுவார்கள், முக்கியச் செய்தியை அடுத்ததிலும் திரும்ப எழுதுவார்கள். ஒரே சாவை இரண்டு கடிதங்களில் பார்த்து, வம்சவரிசையில் இரண்டு பேரைக் கொன்றுவிடாதீர்கள்.