காலையில் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும் கார்: காற்றுக் கசிவா, சென்சாரா?

வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார். இரவு முழுக்க நின்றபின் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது, ஆனால் ஐடிலிங்கில் தடுமாறி அணைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே இருந்தால் ஓடும். சூடேறிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. (மெக்கானிக் முன்னால் மட்டும் சமர்த்தாக ஓடுவது தனிக் கடுப்பு.)

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. அணையும்போது பேட்டரி, ஆயில் விளக்குகளும் வருகின்றன. எஞ்சின் நின்றால் அவை வரத்தானே செய்யும், அதை விட்டுவிட்டேன்.

சூடான எஞ்சினில், ஐடிலிங்கில் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (குறைவைச் சரிக்கட்ட ஈசியு, அதாவது எஞ்சின் கணினி, கூட்டிக் கொடுக்கும் பெட்ரோலின் அளவு) +18%. 2500 ஆர்பிஎம்மில் +5%க்கு இறங்குகிறது. ஃப்யூயல் பம்ப் வலுவிழந்திருந்தால் லோடு கூடும்போது டிரிம் ஏறியிருக்க வேண்டும். அதனால் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) பக்கம் எங்கோ காற்று புகுகிறது என்றே படுகிறது. கூலன்ட் சென்சார் குளிர்ந்த எஞ்சினில் வெளிக்காற்றின் வெப்பநிலையையே காட்டுகிறது, அதனால் அதில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. திராட்டில் பாடி (உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) சுத்தம் செய்தாயிற்று.

மெக்கானிக்கோ ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனவுடன் ஈசியு அதைக் கணக்கில் எடுப்பதே இல்லையே?

ஸ்மோக் டெஸ்ட் (புகையைச் செலுத்திக் கசிவைப் பார்ப்பது) வசதி இல்லை. பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய், இவற்றில் எதை முதலில் பார்ப்பது? தீப்பற்றும் ஸ்பிரே அடிக்காமல் கசிவைக் கண்டுபிடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?